எறும்பளவு மனிதர்களை வரைந்தவர்

என் தங்கையின் கணவர் எலுவா வோத்ரோவை நேற்று பாரிஸில் அடக்கம் செய்தோம். ஆறடிக் குழி. அவர் வேலை பார்த்த இடத்தில் இதையெல்லாம் கல்லறை என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

கட்டடக் கலைஞர் ஷார்னுவா மேகத்தைத் துளைக்கும் கோபுரங்களையும் மலையளவு உருண்டைக் கல்லறைகளையும் தாளில் எழுப்புவார். ஒன்றுகூட மண்ணில் எழும்பியதில்லை. அதைக் குறையாகச் சொன்னவர்கள் ரசனையற்றவர்கள். அந்தக் கட்டடங்களின் அடியில் மனிதர்களை வரைவது எலுவாவின் வேலை. மனிதன் சிறுத்தால்தான் கட்டடம் பெருக்கும். எனவே மகத்துவம் போதவில்லை என்று தோன்றும்போதெல்லாம் ஆட்களை இன்னும் சின்னதாக்கச் சொல்வார் ஷார்னுவா. கல் செலவில்லாமல் கோபுரம் உயரும். கடைசியில் எலுவா தூரிகை நுனியால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

அப்படி இருந்த ஒரு வசந்தத்தில் அவருடைய ஒரே மகள் துவானெத் அம்மை கண்டு இறந்தாள். வேலைக்குத் திரும்பியவர், அரசருக்காக உப்புவரி வசூலித்துக் கொழுத்த குத்தகைக்காரர் பெல்கூரின் தகப்பனாருக்காக ஷார்னுவா வரைந்திருந்த கல்லறையின் படிக்கட்டில் அவளை வரைந்து நிற்க வைத்தார். தொப்பி நாடா, விழுந்த முன்பல் எல்லாம் தெரிந்தன. மலையளவு கல்லறை அந்தக் கணமே ரொட்டி அடுப்பு அளவுக்குச் சுருங்கியது.

பெல்கூர் வந்து பார்த்தார்.

"இதத்தான்யா இத்தனை நாளா கேட்டேன். இந்தப் பொண்ணு உசரத்த வச்சுப் பாத்தா, என் தோட்டத்து மூலையிலயே கட்டிரலாம் போலிருக்கே."

ஷார்னுவாவின் முகம் வெளுத்துவிட்டது. அவருடைய கட்டடத்தைக் கட்டிவிடலாம் என்று சொல்லி யாரும் அவரை இப்படி அவமானப்படுத்தியதில்லை. சாக்குச் சொல்லி பெல்கூரை அனுப்பிவிட்டு, சுரண்டும் கத்தியோடு வந்தார்.

"சுரண்டிட்டுப் புள்ளி வச்சிடுப்பா, எலுவா."

"அது துவானெத்துங்க ஐயா."

"இருக்கட்டுமே. புள்ளியா இருந்தாலும் அவதான்னு உனக்குத் தெரியாதா?"

எலுவா கத்தியை வாங்கினார். அளவுகோலை வைத்து, தாளின் அடிப்பகுதியைப் படிக்கட்டோடு நேராக அறுத்து, சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. இறைச்சிக் கடைப் பலகைகளில் பன்றித்தலை வரைந்து பிழைத்தார். அவற்றைச் சின்னதாக்கும்படி யாரும் கேட்கவில்லை.

ஷார்னுவாவுக்கு மனிதர்களை வரைய வராது. மீதித் தாளை அப்படியே காட்சிக்கு வைத்தார். ஆளும் படியுமில்லாமல் அந்தரத்தில் நின்ற அந்தக் கல்லறையைப் பார்த்த பெரிய மனிதர்கள், மரணத்தின் எல்லையின்மையையே பிடித்துவிட்டார் என்று மெச்சினார்கள்.

அறுத்த துண்டு என் தங்கை வீட்டு அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறது. புகையில் படிகள் கறுத்துவிட்டன. துவானெத்தின் மூக்கு கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது என்று எலுவாவுக்குக் கடைசிவரை குறை.