பொம்மை வீரனும் வதனி மச்சாளின் இங்கிலீசும்

போன கிழமை கிணற்றடியில் வழுக்கி விழுந்து கணுக்காலைப் பிரட்டிக்கொண்டேன். பத்து நாளைக்குக் கால் நிலத்தில் படக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கந்தோர் வேலையும் இல்லை, சமையலும் இல்லை. சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மூன்றாம் நாள் மகள் இரக்கப்பட்டு ரீவீயைக் கட்டிலடிக்கு இழுத்து வைத்து, "என்ன படம் வேணும் அம்மா? எந்தக் காலத்துப் படமும் இதிலை எடுக்கலாம்" என்றாள்.

எனக்கு வேண்டிய படத்தின் பெயர் எனக்கே தெரியாது. "ஒருத்தன் கோவணம் மாதிரி ஒண்டைக் கட்டிக்கொண்டு வாளோடை நிப்பான். முதலிலை பொம்மையா வந்தது. அது நல்லா விலைப்பட்டாப் பிறகுதான் படமா எடுத்தவங்கள்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் எதையும் ஒளிக்க முடியாது.

படத்தைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். படு மோசம். மலை காற்றில் ஆடுகிறது. பூதம் திரும்பும்போது அதன் முதுகில் உடுப்பைப் பூட்டும் சிப் தெரிகிறது. வில்லன் முகமூடிக்குள்ளிருந்து முழங்குகிறான், வாய் மட்டும் அசையவில்லை. உலகத்தையே அழிக்கப்போகும் மின்னல் நாங்கள் தீபாவளிக்குக் கொளுத்தும் மத்தாப்பை விடக் கொஞ்சம்தான் பெரிது. மகள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உதையோ அம்மா வாயைப் பிளந்துகொண்டு பாத்தனீங்கள்?" என்றாள். ஓம் என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வீரன் திரையில் வந்து நின்றதும் என் கண் முதலில் தேடியது அவன் இடுப்பில் கட்டும் சாரத்தை.

சாரத்துக்கு ஒரு கதை உண்டு. அப்பாவுக்குக் கப்பலில் வேலை. வல்வெட்டித்துறையில் அதெல்லாம் புதினமில்லை. எங்கள் ஒழுங்கையில் இருந்த ஏழு வீட்டில் நாலு வீட்டு ஆண்கள் கடலில்தான் இருந்தார்கள். அப்பா லீவில் வரும்போது அவருடைய பையைத் திறந்தால் வெளிநாட்டுச் சவர்க்காரமும் எஞ்சின் எண்ணெயும் கலந்த ஒரு வாசம் வரும். அதுதான் அப்பாவின் வாசம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். கடைசியாக வந்தபோது அந்தப் பைக்குள்ளிருந்து தம்பிக்கு இரண்டு பொம்மைகள் எடுத்துக் கொடுத்தார். ஒன்று வாள் வைத்த வீரன். மற்றது அவனுக்குத் துணைவரும் தாடிக்காரர். வீரனுக்கு உடம்பு முழுக்கத் தசை, இடுப்பில் மட்டும் ஒரு துண்டு. அம்மா பார்த்துவிட்டு, "உதென்ன, பொம்பிளைப் பிள்ளை உள்ள வீட்டிலை" என்று பழைய சாரத் துணியில் ஒரு சாண் வெட்டி, அவனுக்கு ஒரு குட்டிச் சாரம் தைத்துக் கட்டிவிட்டா. அதனால் எங்கள் வீட்டில் உலகத்தைக் காப்பாற்றியவன் கட்டம் போட்ட சாரத்தோடுதான் காப்பாற்றினான்.

தம்பியை நாங்கள் குட்டி என்போம். அப்போது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினொன்று. வீரனுக்கு அவன் தன் பெயரையே வைத்தான். தாடிக்காரருக்கு அப்பா என்று வைத்தான். அப்பாவும் கப்பலால் வரும்போது தாடியோடுதான் வருவார்.

அந்த முறை போன அப்பாவிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. சண்டைக்காலம், தபால் பிந்திச் சுணங்குவது வழக்கம் என்று மூன்று மாதம் சமாளித்தோம். ஐந்தாம் மாதம், அந்தக் கப்பல் கடலில் மூழ்கித் தாண்டுபோய்விட்டதாம் என்று யாரோ கொழும்பிலிருந்து கதை கொண்டுவந்தார்கள். பெரியவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். நாங்கள் கிட்டப்போனால் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். அம்மா பொட்டை அழிக்கவில்லை, ஒருவரோடும் அதைப் பற்றிப் பேசவுமில்லை. குட்டி அப்பாவைக் கேட்பதை நிறுத்திவிட்டான். ஆனால் தாடிக்காரரைக் கையை விட்டு வைக்கமாட்டான். சாப்பிடும்போதும் இடது கையில் அவர் இருப்பார். தடவித் தடவித் தாடியின் நிறம் பாதி போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் ரீவீயும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விடுகிறவரிடம் குட்டி அந்தக் கசெற்றைக் கண்டான். மட்டையில் அவனுடைய இரண்டு பொம்மைகளும் உயிரோடு நின்றன. அழுது, உருண்டு, இரண்டு நேரம் சாப்பிடாமல் இருந்து வென்றான். "பாவம், பாக்கட்டும்" என்றா அம்மா.

ஒரு வீட்டில் படம் என்றால் ஒழுங்கைக்கே படம். மின்சாரம் இல்லாத காலம். ஜெனறேற்றரை இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். அதனால் படம் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்கொரு சின்னப் போத்தல் மண்ணெண்ணெயோடு வருவார்கள். இரவில் வெளிச்சம் காட்டப் பயம், ஆகவே பட்டப்பகலில் ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கிப் பார்ப்போம். உள்ளே முப்பது பேரின் வியர்வை, மண்ணெண்ணெய்ப் புகை, வறுத்த கச்சான் கடலையின் மணம். இப்போதும் கச்சான் மணத்தோடு எங்காவது மண்ணெண்ணெய் மணந்தால் படம் தொடங்கப்போகிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஆங்கிலப் படமென்றால் இன்னொன்றும் வேண்டும். கதை சொல்ல ஒரு ஆள். ரீவீக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு, இங்கிலீசு தெரிந்தவரை இருத்திவிடுவோம். அவர் கேட்டுக் கேட்டுச் சொல்லவேண்டும். அன்று அந்தக் கதிரை வதனி மச்சாளுக்கு. அம்மாவின் அண்ணர் மகள், பதினெட்டு வயது. நெல்லியடிக்குச் சைக்கிளில் போய் ரியூட்டறியில் இங்கிலீசு படித்தவ. அடுத்த மாதம் வாசிகசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீசு வகுப்புத் தொடங்க இருந்தா. அதற்காகக் கரும்பலகைக்கு மை பூசிக்கூட வைத்திருந்தா.

நன்றாகத்தான் சொன்னா. "வில்லன் சொல்லுறான், மூண்டு சாவியும் கிடைச்சால் சூரியனையே பூட்டிப் போடுவனாம்" என்று அவ சொல்ல, ஒழுங்கைக் கிழவர்கள் "எளிய நாய்" என்று வில்லனை ஏசினார்கள். குட்டி முன்னால் மச்சாளின் காலடியில் இருந்தான். வீரன் வந்ததும் எழும்பி, "மச்சாள், அவரின்ரை சாரம் எங்கை?" என்று கேட்டான். மச்சாள் கண்ணை எடுக்காமல், "தோய்ச்சுக் காயப் போட்டிருக்கு, நீ இரு" என்றா. வீடு அதிரச் சிரித்தோம்.

படம் முக்கால்வாசி போனபோது தாடிக்காரர் கோட்டை வாசலில் தனியே நின்று மறித்தார். ஈட்டி ஒன்று வந்து நெஞ்சில் பாய்ந்தது. வீரன் ஓடிவந்து மடியில் தாங்கினான். தாடிக்காரர் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். எல்லோரும் மச்சாளைப் பார்த்தோம். ஜெனறேற்றர்ச் சத்தம் மட்டும் கேட்டது. "என்ன பிள்ளை, இங்கிலீசு முடிஞ்சுதோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"அவர் சொல்லுறார்," என்றா மச்சாள், "நான் வெளிக்கிட்டு வாறன், கொஞ்சம் சுணங்கும் எண்டு மகனிட்டைச் சொல்லட்டாம். காயம்தான். கப்பல்லை ஏத்தி மருந்துக்குக் கொண்டுபோகினம்."

அடுத்த காட்சியில் கப்பலைக் காணவில்லை. கடற்கரையில் விறகை அடுக்கி, தாடிக்காரரை மேலே கிடத்தி, வீரன் பந்தத்தால் நெருப்பு வைத்தான். பதினொரு வயதில் எனக்குப் புத்தி கூடிவிட்டிருந்தது, விளக்கம்தான் கூடவில்லை. எழும்பி நின்று கத்தினேன். "பொய்! அந்தாள் செத்துப்போச்சு. உங்கை பாருங்கோ, கொள்ளி வைக்கிறாங்கள்!"

மச்சாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பிடிபட்டுவிட்ட கோபம் என்றுதான் அன்று நினைத்தேன். "கொள்ளியில்லை," என்றா. "அவருக்குக் குளிருது. குளிர்காய நெருப்பு மூட்டினவங்கள்."

பிறகு படத்தை யார் பார்த்தார்கள்? கச்சான் புரைக்கேறும் வரைக்கும் சிரித்தார்கள். குட்டி சிரித்தானா என்று நான் பார்க்கவேயில்லை.

மறுநாளே எங்கள் ஒழுங்கையில் ஒரு புதுப் பழமொழி பிறந்தது. யாராவது தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னால், "வதனியின்ரை இங்கிலீசு, கொள்ளி வைச்சாலும் குளிர்காயிறது" என்பார்கள். அதை ஆக்கிய புலவர் வேறு யாருமில்லை, நான்தான். அடுத்த மாதம் வாசிகசாலை வகுப்புக்கு ஐந்து பிள்ளைகள் வந்தார்கள், அடுத்த கிழமை இரண்டு, அதற்கடுத்த கிழமை ஒருவருமில்லை. நெருப்புக்கும் குளிருக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளையிடம் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? மச்சாள் கரும்பலகையைத் திருப்பிச் சுவரோடு சாத்திவிட்டு வந்துவிட்டா.

குட்டி தாடிக்காரரை பிஸ்கற் தகர மூடியில் வைத்துக் கிணற்றடித் தொட்டியில் மிதக்கவிட்டான். யார் கேட்டாலும், "அப்பா வெளிக்கிட்டிட்டார், சுணங்குமாம்" என்பான். ஒருநாள் அம்மா அதைக் கேட்டுவிட்டு, தண்ணீர் அள்ளாமல் வெறும் வாளியோடு திரும்பி வந்ததைக் கண்டேன்.

அப்பா வந்தார். கப்பல் தாழவில்லை. முதலாளி கடனில் விழுந்து, ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலை மறித்து வைத்திருந்தார்களாம். கடிதம் நின்று பத்து மாதத்துக்குப் பிறகு ஒரு விடியற்காலை, மெலிந்து, நெஞ்சு வரை தாடியோடு படலையைத் திறந்தார். அம்மா வாசல்படியிலேயே இருந்துவிட்டா. குட்டி மட்டும் பதறாமல் கிட்டப்போய், "சுணங்கிப்போனியள்" என்றான். பெரிய மனிசன் மாதிரிக் கதைக்கிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தக் கிழமையே நான் அப்பாவுக்கு மச்சாளின் இங்கிலீசுக் கதையை நடித்துக் காட்டினேன். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதன்பிறகு மச்சாள் வரும்போதெல்லாம், "என்ன பிள்ளை, குளிர்காய நெருப்பு மூட்டட்டோ?" என்று கேட்பார். மச்சாளும் சிரித்துக்கொண்டே அம்மாவைத் தேடிக் குசினிக்குள் போய்விடுவா. கலியாணம் முடித்து டென்மார்க் போகும் வரைக்கும் இந்தப் பகிடி ஓயவில்லை. போன பிறகும் ரெலிபோனில் தொடர்ந்தது.

இனிப் போன கிழமைக்கு வருகிறேன். படத்தின் கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசித்துக்கொண்டே வந்தேன். மூன்று சாவி, சூரியனைப் பூட்டுவது, எல்லாம் இருந்தன. மச்சாள் சொன்னது வரிக்கு வரி சரியாக இருந்தது. எனக்கு மெல்ல மெல்லச் சிரிப்பு நின்றுபோனது. தாடிக்காரர் விழுந்தார். கீழே எழுத்து வந்தது: நான் இனி வரமாட்டேன், காத்திருக்க வேண்டாமென்று என் மகனிடம் சொல்.

மகள் படத்தை நிறுத்திவிட்டு, "கால் நோகுதோ அம்மா?" என்று கேட்டாள். ரெலிபோனை எடுத்துத் தரச் சொன்னேன்.

வதனி மச்சாளுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அன்று லீவு, வீட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தா. குழாய்ச் சத்தம் கேட்டது.

"மச்சாள், அந்தப் படத்திலை தாடிக்காரர் சாகேக்கை சொன்னது உங்களுக்கு அண்டைக்கு விளங்கினதோ?"

குழாய் நின்றது. "விளங்கினது" என்றா.

"அப்ப ஏன் மாத்திச் சொன்னனீங்கள்?"

"குட்டி என்ரை முழங்காலைப் பிடிச்சுக்கொண்டெல்லே இருந்தவன். நகம் பதியிற மாதிரிப் பிடிச்சவன். வேறை என்னத்தையடி சொல்லுறது?"

"நான் எழும்பிக் கத்தினனே."

"ஓம். உன்ரை வாயுக்கை ஒரு துணியை அடைஞ்சால் என்ன எண்டு இருந்தது."

இரண்டு பேரும் சிரித்தோம். என் சிரிப்பு பாதியில் வேறு மாதிரிப் போய்விட்டது. "உங்கடை வகுப்பெல்லே போச்சுது மச்சாள். அப்பாவுக்கெண்டாலும் பிறகு சொல்லியிருக்கலாம். அவரும் சேந்து பகிடி பண்ணினவர்."

"என்னெண்டு சொல்லுறது? 'மாமா, நீங்கள் செத்துப்போனியள் எண்டு நாங்கள் எல்லாரும் நினைச்சிருந்தனாங்கள்' எண்டோ? மாமி பத்து மாசம் ஒருத்தருக்கும் காட்டாமல் வைச்சிருந்ததை நான் போய்ச் சொல்லுறதே?" குழாயைத் திரும்பத் திறந்துவிட்டு, "வகுப்புப் போனால் போகட்டும். மனிசன் திரும்பி வந்து, உந்த ஹோலிலை இருந்து, என்னைப் பாத்துச் சிரிச்சவர். எனக்கு அதுவே காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்றா.

அப்பாவின் அதே வீட்டில், கட்டிலில் கிடந்தபடி, நாங்கள் அன்று படம் பார்த்த அந்த ஹோலைப் பார்த்தேன். சாக்குக் கட்டிய ஜன்னல்களுக்கு இப்போது கண்ணாடி போட்டிருக்கிறது. ஒழுங்கையில் எங்களோடு படம் பார்த்த ஒரு வீட்டாரும் இல்லை. ரீவீக்குப் பக்கத்தில் கதிரை போட்டு ஒரு ஆளை இருத்தும் வழக்கம் இல்லை. கீழே எழுத்து ஓடுகிறது, ஒரு பிழையும் விடாமல். யார் யாருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. அப்பா போய் நாலு வருடமாகிறது. ஒரு சந்தேகமும் தட்டாமல் கடைசி வரைக்கும் அவர் சிரித்த அந்தச் சிரிப்பு வதனி மச்சாள் தந்தது என்று எனக்குத் தெரிய வந்தபோது, போய்ச் சொல்ல அவர் இல்லை.