மடுவத்து வாசலில் விழுந்த தண்ணீர்

பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டத்தை நினைத்தால் என் கண்முன் முதலில் வருவது சேறு அப்பிய ஒரு சின்னக் கை. என் அக்கா மகளின் கை. அப்போது அவளுக்கு ஐந்து வயதிருக்கும். மழை விட்டதும் வாசலோரக் கான் வாய்க்காலில் ஓடும் தண்ணீரை மூங்கில் துண்டுகளில் ஏற்றித் தனக்கு வேண்டிய பக்கம் திருப்புவதுதான் அவளுக்கு விளையாட்டு.

அங்கே பிள்ளை மடுவம் என் பொறுப்பில் இருந்தது. தாய்மார் கொழுந்தெடுக்க மலையேறினால் அவர்களுடைய குழந்தைகள் மாலைவரை என்னிடம்தான். தண்ணீர் எடுக்க, கீழே மலைநீர் விழும் பீலிவரை போய்வர வேண்டும். அப்படிப் போய்த் திரும்பிய ஒருநாள், அடுப்பை நோக்கித் தவழ்ந்த குழந்தையை அக்கா மகள் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். இனி இவர்களை விட்டுப் போகக்கூடாது, தண்ணீர்தான் இங்கே வரவேண்டும் என்று தீர்மானித்தேன்.

மடுவத்துக்கு மேலே பாறை இடுக்கில் ஓர் ஊற்று இருந்தது. ஆனால் ஒரு கல்லைப் புரட்டவும் தோட்டத்தை நடத்தும் தொரையின் உத்தரவுக்குக் காத்திருந்தே பழகியவர்கள் நாங்கள். துணிந்து ஊற்றை மண்ணால் அடைத்துவிட்டு, மூங்கில்களைப் பிளந்து வரிசையாக அடுக்கி, எல்லாம் முடிந்தபின் ஊற்றைத் திறந்துவிட்டேன். தண்ணீர் பாதி வழியில் குதித்து, எங்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை முட்டைக்கோசு போட்டிருந்த கோவாப் பாத்திக்குள் பாய்ந்தது.

“யாரக் கேட்டு புள்ள இதெல்லாம் வச்ச? தொரைக்குத் தெரிஞ்சா என் தலதான் உருளும்” என்றார் அவர். வெட்கத்தில் அந்த மூங்கில்களைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மழை விட்டபோதுதான் அக்கா மகளின் விளையாட்டை உட்கார்ந்து கவனித்தேன். அவள் தண்ணீரை நிறுத்தவேயில்லை. ஓடவிட்டபடியே ஒரு துண்டை வைத்தாள். வழிந்தது. அடியில் கல் கொடுத்தாள். மறுபடியும் வழிந்தது. சிரித்துக்கொண்டே கல்லை மாற்றினாள். வழிந்ததற்காக அவள் யார் முகத்தையும் திரும்பிப் பார்க்கவில்லை. நானோ ஒவ்வொரு மூங்கிலையும் தொரை பங்களாவைப் பார்த்துக்கொண்டேதான் வைத்திருந்தேன்.

உடனே எழுந்துபோய் ஊற்றைத் திறந்துவிட்டு முதல் மூங்கிலிலிருந்து தொடங்கினேன். பிள்ளைகள் கல் பொறுக்கித் தந்தார்கள். சேலையெல்லாம் சேறு. கோவாப் பாத்திக்கு மறுபடியும் தண்ணீர் போனது, போகட்டும் என்றிருந்தேன். மாலையில் திரும்பிய தாய்மார் கூடையைக்கூட இறக்காமல், வாசலில் விழுந்த தண்ணீரில் கைநீட்டினார்கள். அன்றைய பெருமை எனக்கு வேறெதிலும் வாய்த்ததில்லை. இன்று வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது. புதிதாக எதையாவது செய்யப்போய் அது கெட்டால், இந்த வயதிலும் சிரித்துவிட்டு மறுபடி செய்கிறேன்.

அன்று வாசலுக்குத் தண்ணீர் வந்து சில நாள் கழித்துக் கணக்கப்பிள்ளை வந்தார். அட்டை கடித்த காலை அந்தத் தண்ணீரில் சாவகாசமாகக் கழுவினார்.

“இன்னுங் கொஞ்சம் ஒசத்தி வச்சா கொடம் வைக்கலாமே புள்ள.”

“தொரையக் கேக்க வேணாங்களா?” என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா மகள் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.