மேற்குச் சுவரில் வைத்த பெட்டி

நேற்று வைஃபை பெட்டி மாற்ற வந்தவர், "அண்ணாச்சி, இத ஏன் இப்பிடி ஓரமா கொண்டு வச்சிருக்கியோ? நடுவீட்டுல வச்சாத்தான் நாலு பக்கமும் சிக்னல் போவும்" என்றார். உங்கள் இஷ்டம்போல வையுங்கள் என்றேன். பழையதைக் கழற்றியதும் மேற்குச் சுவரில் சதுரமாக ஒரு வெள்ளை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அந்தச் சுவருக்கு அப்பால் என் தம்பி வீடு இருந்தது. பூதப்பாண்டியில் அப்பா விட்டுப்போன ஒரே வீட்டை, நடுவே சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டோம். வயல் பாகத்தில் வாக்குவாதம் முற்றி, பிறகு பேச்சே நின்றுபோயிற்று. பிரதோஷத்துக்கு இருவரும் கோயிலுக்குப் போவோம். நந்திக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். சிவபெருமானுக்குத்தான் தர்மசங்கடமாக இருந்திருக்கும்.

கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் ஃபோனுக்குள் வந்ததே, அப்போது தம்பி மகளுக்கு அவர்கள் பக்கம் டவர் கிடைக்கவில்லை. முற்றத்துச் சுவரோரம் வந்து என் மனைவியிடம், "பெரியம்மா, உங்க வைஃபை இங்க ஒரு கோடு காட்டுகு. பாஸ்வேர்டு தருவியளா?" என்று கேட்டிருக்கிறாள்.

நான் பத்தாங்கிளாஸோடு நின்றவன். கம்பியில்லாமல் வருவது சுவரைத் தாண்டும் என்பதே எனக்குப் புதிது. ஆனால் சுவர் கனமானால் பாதி அங்கேயே நின்றுவிடுமாம். பெட்டி பக்கத்தில் இருந்தால் தேவலையாம். எடுத்து மேற்குச் சுவரில் மாட்டினேன். பிறகு முற்றத்தில் நின்று மனைவியிடம் பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

"என்னத்துக்கு இப்பிடிக் கத்துகியோ? நான் பக்கத்துலதானே நிக்கேன்" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

தெருவுக்கே கேட்டுவிட்டது போல. மறுநாளே நெட் ஊர்ந்தது. வருவது ஒன்றுதான், அதை எல்லா ஃபோனும் பங்குபோட வேண்டும் என்று அப்போதுதான் விளங்கிற்று. பாஸ்வேர்டை மாற்றினேன். இந்தமுறை மனைவியே போய் தம்பி மகள் காதில் சொல்லிவிட்டு வந்தாள்.

ஐப்பசியில் ஒருநாள் நல்ல இடி. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மழை விட்ட பிறகும் திரும்பக் குத்த மறந்துபோயிற்று. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தம்பியின் குரல்:

"ஏட்டி மக்கா, இடி நின்னு எவ்வளவு நேரமாச்சு! இனி பிளக்கைக் குத்துனா கை தேஞ்சா போவும்?"

வருஷக்கணக்கில் நான் கேட்காத குரல். மகளிடம் பேசுகிறானாம்! போய்க் குத்தினேன். பச்சை விளக்கு வந்ததும் மனைவியைப் பார்த்து உரக்க, "குத்தியாச்சு" என்றேன். அந்தப் பக்கம் ஒரு செருமல். அவ்வளவுதான்.

மகளுக்குப் பெங்களூரில் வேலையானதும் தம்பி குடும்பம் அங்கே போயிற்று. அங்கேயே அவன் காலமானான். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அழுகை வரவில்லை. திருநீறு பூசிக்கொண்டு திரும்ப பஸ் ஏறினேன். அவன் வீட்டை வாங்கியவர் இடித்து, வெறும் மனையாகப் போட்டிருக்கிறார்.

புதுப் பெட்டிக்குச் சக்தி கூடுதலாம். வந்தவர் சோதித்துப் பார்க்க ஃபோனோடு வெளியே போனார். அந்த மனையில் நின்று கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இங்க கிணத்தடி வரைக்கும் முழுசா வருகு! இங்க ஆரு இருக்கா?"

"ஆருமில்ல" என்றேன்.