பதினோராம் பிளாக்கில் நின்ற வடக்குத்து பஸ்

இரண்டு வருடம் ஊரே என்னைப் பெரிய எழுத்தாளன் என்று நம்பியது. டீக்கடையில் கை கொடுத்தார்கள். "சிவசங்கர் சார், கலையரங்கத்தைப் பத்தி நல்லா குடுத்தீங்க" என்றார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்து வைத்தேன். எழுதியது நானில்லை, பெரியநாயகி அக்கா.

அக்காவுக்கு ஊர் வடக்குத்து, நெய்வேலி நகரியத்தை ஒட்டிய கிராமம். நகரியத்துப் பூங்காவில் காண்டிராக்டில் தோட்ட வேலை. வேலை முடிந்ததும் நூலகத்துக்கு வருவார். பேப்பரை விளம்பரம் உட்பட வாசித்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து சொல்வார். கலையரங்கத்தில் முக்கியஸ்தர்களுக்கென்று முன்வரிசையைக் காலியாக வைத்து, நாடகம் பார்க்க வந்த ஜனத்தை நிற்க வைப்பது அவருக்கு ஆகாது. உடை மாற்ற ஓர் அறைகூட இல்லாமல் பெண்களுக்குக் கபடிக் கோப்பை எதற்கு என்று கேட்பார்.

உள்ளூர் வார இதழின் வாசகர் பகுதிக்கு முதலில் தன் பேரில்தான் எழுதினார். நான்கு கடிதம் போட்டும் ஒன்றும் வரவில்லை. நகரியத்தில் யாரென்று கேட்டால் பிளாக்கும் குவார்ட்டர்ஸ் நம்பரும் சொல்லிப் பழக்கம். அது இல்லாத கடிதத்தை ஆசிரியர் கண்டுகொள்வதே இல்லை. "என் அட்ரஸைப் போடுங்கக்கா" என்று பதினோராம் பிளாக் குவார்ட்டர்ஸில் இருக்கிற நான்தான் பெருந்தன்மை காட்டினேன். முகவரியோடு என் பேரும் போனது. அடுத்த வாரமே அச்சில் வந்தது!

அப்புறம்தான் மினி பஸ் கடிதம். அக்காவின் மகள் சத்யப்பிரியா நகரிய மைதானத்தில் கபடிப் பயிற்சிக்கு வருகிறாள். மாவட்ட அணிக்குத் தேர்வு நெருங்கியிருந்தது. பயிற்சி முடிய ஆறரை ஆகும். மினி பஸ் நகரியத்து எல்லையில் இருக்கிற ஆர்ச்சோடு திரும்பிவிடும், அதற்கப்பால் இருட்டில் நடைதான். "பஸ்ஸு வந்தா ஆடட்டும், இல்லன்னா வூட்டோட கெடக்கட்டும்" என்று அவள் அப்பா துரைராஜ் சொல்லிவிட்டார். அக்கா உடனே உட்கார்ந்து, 'பஸ் எங்கள் பகுதிக்கும் வர வேண்டும்' என்று எழுதினார். கீழே வழக்கம்போல என் பேர், என் முகவரி.

பத்தே நாளில் பலன் கிடைத்தது. மினி பஸ் முதலாளி பதினோராம் பிளாக்கில், சரியாக என் வாசலுக்கு எதிரே, புது ஸ்டாப் வைத்துவிட்டார். வாசலில் மோட்டார் சைக்கிள் நிறுத்தி வைத்திருக்கிற எனக்கு!

அக்கா போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எம் புத்தியச் செருப்பால அடிக்கணும் சார். இரவல் அட்ரஸ போட்டா பஸ்ஸு அங்கதான வரும்? இனிமே எம் பேருலதான் எழுதுவேன். போட்டா போடட்டும், இல்லன்னா போவட்டும்."

அந்த வாரக் கடிதம் இப்படி முடிந்தது: 'இதுவரை சிவசங்கர் என்று வந்த கடிதங்களை எழுதியவள் நான். எங்கள் பகுதி என்று சொன்னது வடக்குத்தை. பெரியநாயகி, தோட்டத் தொழிலாளி, மாரியம்மன் கோயில் தெரு, வடக்குத்து.'

ஆசிரியர் எனக்குப் போன் செய்து, "இது நெசமா சார்?" என்றார். டீக்கடையில் இனி யார் கை கொடுப்பார்கள் என்று ஒரு நொடி தோன்றியது. அற்ப ஆசைதான், ஒத்துக்கொள்கிறேன்.

"நெசம் சார். ஒரு வரிகூட என்னுது இல்ல" என்றேன். கடிதம் வெளியானது.

அதற்கும் பஸ் மசியவில்லை. ஒருநாள் பயிற்சி முடிந்ததும் அக்காவும் சத்யப்பிரியாவும் அவளோடு ஆடும் நான்கு பெண்களும் என் வாசல் ஸ்டாப்பில் ஏறினார்கள். நானும் ஏறினேன். ஆர்ச்சில் வண்டி நின்றது.

"கடைசி ஸ்டாப்பு, எறங்குங்க" என்றார் டிரைவர் வெள்ளைச்சாமி.

ஒருவரும் அசையவில்லை. அக்கா வார இதழை விரித்துக்கொண்டார்.

"நாங்க படிச்சிகினு குந்தியிருக்கோம். நீங்க எப்ப எடுக்கணுமோ எடுங்க. எங்க ஸ்டாப்பு வடக்குத்து."

வெள்ளைச்சாமி முதலாளிக்குப் போன் போட்டார், கத்தினார், கெஞ்சினார். திரும்புகிற வண்டிக்குக் காத்திருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அக்கா பக்கத்தைத் திருப்பினார். இருபது நிமிடம் கழித்து வண்டி ஆர்ச்சைத் தாண்டியது.

மாரியம்மன் கோயில் முன்னால் துரைராஜ் நின்றிருந்தார். சத்யப்பிரியா எல்லோருக்கும் முன்னால் குதித்து இறங்கினாள்.

"நாளைக்கும் பிராக்டிஸ் இருக்குதுப்பா" என்றாள்.