கிளி போட்ட பிராதுப் பத்திரம்

நானும் ஒரு எழுத்தாளன்தான். என் எழுத்து ஒரே ஒரு தடவை அச்சேறியிருக்கிறது. அது ஒரு பிராதுப் பத்திரம்.

அப்போது ரயில் பதுளைக்கு வந்திருக்கவில்லை. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் கிளாக்கர். ஆட்களின் குறை கேட்கவென்று கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். விடியற்காலைப் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்க, "யாருக்கும் குறை உண்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு, ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்குகிற பெரிய கங்காணிதான் பதில் சொல்வது வழக்கம். "எல்லாம் சொகமா இருக்குதுங்க" என்பார், நாங்களும் சொகமாகிவிடுவோம். அன்றைக்கு ஒரு கைக்குழந்தைக்காரி முந்திக்கொண்டாள். "லயத்துக் கூரை ஒழுகுதுங்க. பிள்ளையப் படுக்க வைக்க எடமில்ல" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் கங்காணி அவளை உச்சி மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார். தோட்டத்தில் தேயிலை நிற்கிற இடத்துக்கெல்லாம் மலை என்றுதான் பெயர். ஆனால் உச்சி மலை நிஜமாகவே மலை. அதுவரை லயத்துக்குப் பக்கத்திலேயே வேலை என்பதால், நடுவில் ஓடிவந்து, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில் கிடக்கும் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போவாள். உச்சியிலிருந்து இறங்கி ஏறினால் கூடை நிறையாது. மடுவம் என் ஆபீசுக்கு அடுத்தாற்போல் இருந்தது. குழந்தை அழுத அழுகையில் எனக்குக் கூட்டல் கணக்கு வரவில்லை. வழக்கமாகவும் வராது, அந்த நாட்களில் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது.

விஷயம் எப்படியோ கொழும்புக்குப் போய், குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்று தோட்டத்துத் துரைக்குக் கடிதமாகத் திரும்பி வந்தது. துரை கங்காணியைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கங்காணி கோபித்துக்கொண்டு தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் கொழுந்தெடுக்க ஆளில்லை. நான் கோபித்துக்கொண்டு போனால் ஒரு நாற்காலி காலியாகும், அவ்வளவுதான். ஆகவே என்னைக் கூப்பிட்டார்.

"கிளாக்கர், ஒரு பாரம் செய்யி. பழிவாங்கினா அதில எழுதிக் குடுக்கணும். பாரம் சரியா இருந்தா நான் பாக்கும்."

ஒரு வாரம் உட்கார்ந்து இயற்றினேன். தலைப்பு, 'முறையிட்டதன் நிமித்தம் பழிவாங்கப்பட்டோர் சமர்ப்பிக்கும் விக்ஞாபனப் பத்திரம்.' கீழே முறையிட்டவர் நாமதேயம், பழிவாங்கப்பட்ட விதம், பழிவாங்கியவர் நாமதேயமும் உத்தியோகமும் என்று வரிவரியாகப் போனது. பதுளைக் கடைவீதியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சுக்கூடத்தில் கொடுத்தேன். அவர்களிடம் இருந்தது கல்யாணக் கரை ஒன்றுதான். நாலு பக்கமும் பூமாலை, மேல்மூலைகளில் ஜோடிக் கிளி. பழிவாங்கல் அவ்வளவு மங்களகரமாக வேறெங்கும் அச்சாகியிருக்காது.

கைக்குழந்தைக்காரியைக் கூப்பிட்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டினேன். கடைசி வரியில் என் குரல் நின்றுவிட்டது.

"ஏங்க நிப்பாட்டிட்டீங்க?" என்றாள்.

'பெரிய கங்காணியின் கையொப்பம்' என்றிருந்தது. தோட்டத்தில் விளக்கெண்ணெய் வாங்குகிற சீட்டு முதல் ஊருக்குப் போகிற லீவுச் சீட்டு வரை அடியில் அந்த வரி உண்டு. என் கை பழக்கத்தில் இதிலும் எழுதிவிட்டது. அது இல்லாத காகிதத்தைத் துரை தொடமாட்டார். தப்பாக அடித்துவிட்டேன் என்று துரையிடம் போய்ச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. இரண்டு பயங்களில் கங்காணி சின்னப் பயமாகத் தெரிந்தார். அவர் வீட்டுக்குப் போனேன்.

கங்காணி பத்திரத்தை வாங்கிக் கிளிகளைத் தடவிப் பார்த்தார். "படிங்க கிளாக்கரே."

படித்தேன். பழிவாங்கியவர் பெயர் வருகிற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். "இதுல உங்களுக்குக் கீழ இருக்குற சில்லறைக் கங்காணி பேரப் போட்டுருவோமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் முகம் சிவந்தது. "அவனா? ஒரு ஆள மலை மாத்துற அளவுக்கு அவன் எப்ப பெரியாளானான்?"

"இல்லீங்க, ஒரு பேச்சுக்கு…"

"நான் இருக்கையில இந்தத் தோட்டத்துல வேற ஒருத்தன் பழிவாங்குவானா? அந்தச் சின்னப்பயல அச்சுல ஏத்தப் பாக்குறீங்களே. எம் பேரப் போடுங்க. பெரிய எழுத்துல போடுங்க."

போட்டேன். அடியில் கையெழுத்தையும் வரிக்கு மேலும் கீழும் வழிகிற மாதிரிப் போட்டுக் கொடுத்தார். வீட்டில் மாட்டிவைக்க இன்னொரு பிரதியும் கேட்டார்.

துரை அந்தப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குற்றவாளியே கையெழுத்திட்ட பிராது. திருப்பி அனுப்ப ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மறுநாள் பெரட்டில் அவள் பேரைப் பழைய மலைக்கே போட்டார்கள். கூரையைப் பற்றியும் கேட்டேன். "அதுக்கு வேற பாரம்" என்றார் துரை.

அந்த வாரமே கங்காணி துரையிடம் போய், உச்சி மலையில் கொழுந்து நிறுக்கப் படித்த ஆள் தேவை என்று சொல்லியிருக்கிறார். தராசுக்குப் பின்னால் நானும் ஏறினேன். வழியில் அவள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, உச்சிக்கா?"

"ஆமா."

"உங்களுக்குந்தான் பாரம் இருக்குதுங்களே."

கேலியா, அக்கறையா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கங்காணி இந்தத் தடவை கிளிகளைப் பார்க்கவேயில்லை.

"பழிவாங்குனதா? உங்களையா? உங்க மேல எனக்கு என்ன கோவம்? தேகத்துக்கு நல்லதுன்னுதான் அனுப்புனேன். ஆபீசுல குந்தியிருந்து வயிறு வச்சிருச்சு பாருங்க."

வயிற்றைப் பற்றி அவர் சொன்னது சரிதான். கையெழுத்து மட்டும் விழவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க ஏறினேன். ஏறும் வழியில் ஒரு வளைவில் மூச்சு வாங்க நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் மடுவத்துக்குள் போவது தெரியும். அவள் வெளியே வருகிற வரைக்கும் எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.