படகு எஞ்சினுக்குப் போதாத காற்று

பெங்களூர் நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி பீனியாவில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறேன். சூப்பர்சார்ஜர்களைப் பிரித்துச் சரிசெய்யும் இடம் அது. டீசல் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற இரும்புப் பெட்டிதான் சூப்பர்சார்ஜர். அதற்குள் இரண்டு ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடாமல் சுற்ற வேண்டும். அந்த இடைவெளியை அளந்து வைப்பது என் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை, அதனாலேயே எனக்குப் பிடித்த வேலை.

பெங்களூரில் கடல் இல்லை. ஆனாலும் படகுகளின் சூப்பர்சார்ஜர்கள் பார்சல் லாரியில் எங்களிடம் வரும். அப்படித்தான் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. பேரிங் தேய்ந்திருந்தது. மாற்றி, அளந்து, அனுப்பிவிட்டோம்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த வாரம் படகுக்காரர் போன் செய்தார். முதலாளி கன்னடக்காரர். சிறிது நேரம் கேட்டுவிட்டு போனை என்னிடம் நீட்டினார்.

“ஸ்வல்ப, கொஞ்சம் நீங்களே பேசுங்க அக்கா. அவரு பேசுற ஸ்பீடுக்கு எனக்குத் தமிழ் வரல.”

போனில் முகம் தெரியாதவரிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“என்னாம்மா ரிப்பேர் பண்ணீங்க? கரும்புகையா கக்குது. பாதி வேகத்துக்கு மேல எஞ்சின் ஏற மாட்டேங்குது. மத்த போட்டெல்லாம் போயிட்டுது. நாளைக்கும் நான் கெளம்பலன்னா என் ஆளுங்க வேற போட்டுல ஏறிடுவாங்க. அப்பறம் இந்த சீசனுக்கு எனக்கு ஆளே கெடைக்காது.”

திரும்ப அனுப்பச் சொல்லலாம் என்றார் முதலாளி. அனுப்பினால் அவருடைய சீசன் போய்விடும். கரும்புகை என்றால் டீசல் எரியும் அளவுக்குக் காற்று கிடைக்கவில்லை. ஆகவே காற்று போகும் வழியை ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெல்ட் வழுக்குகிறதா? இல்லை. குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழ் வருகிறதா? பார்த்துவிட்டு வந்து இல்லை என்றார். ஃபில்டர்?

“புதுசும்மா. நானே மாட்டுனேன்.”

“மாட்டுன அன்னைக்கு எப்படிண்ணா ஓடிச்சு?”

“அன்னைக்கு நல்லாத்தான் ஓடிச்சு.”

“அதுக்கப்புறம் எதையாவது மாத்துனீங்களா?”

“ஒண்ணுத்தையும் தொடல.”

எனக்கு வேறு கேள்வி தோன்றவில்லை. எஞ்சினை வீடியோவில் காட்டச் சொன்னேன். ஆட்டத்துடன் படம் வந்தது. சூப்பர்சார்ஜரின் காற்று உறிஞ்சும் வாயில் ஏதோ மஞ்சளாக இருந்தது.

“அது என்னண்ணா?”

“அம்மன் சேலை. கடலுக்குப் போறதுக்கு முன்ன பூசை போட்டம்ல. சாமிக்குச் சாத்துனத கோயில்ல குடுத்தாங்க. ரிப்பேராகி வந்தது இதுதானேன்னு இதுலயே கட்டிட்டேன்.”

சேலை ஃபில்டரை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. எஞ்சின் இழுக்க இழுக்கத் துணி உள்ளே ஒட்டிக்கொள்ளும். அவர் பொய் சொல்லவில்லை. சாமிக்குச் செய்ததை யாரும் மாற்றம் என்று எண்ணுவதில்லை. எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் ஆயுத பூஜையன்று லேத்தில் மாலை போடுவார்கள். மறுநாள் யாராவது ‘எதைத் தொட்டீர்கள்’ என்று கேட்டால் மாலையை யாரும் சொல்லமாட்டார்கள். என் மேசைமேல் இருக்கும் மாதா படத்தை நானும் சொல்லமாட்டேன்.

கழற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கோயிலுக்குப் போகிறவள் அல்ல, சர்ச்சுக்குப் போகிறவள். கடலுக்குப் போகிற ஒருவரிடம் அம்மன் சேலையை எடு என்று சொல்ல நான் யார்? ஏதாவது ஆகிவிட்டால்?

“அண்ணா, எஞ்சின் அது வழியாத்தான் மூச்சு விடுது. அம்மன மேல, ஸ்டியரிங் பக்கத்துல வச்சா நல்லா இருக்கும். இங்க சூடு, எண்ணெய் வேற.”

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது. அவர் மனைவி.

“நான் அன்னைக்கே சொன்னேன், மூக்கப் பொத்திக் கட்டாதய்யான்னு. கேட்டியா?”

“நான் அவுக்க மாட்டேன். வேணும்னா நீ அவுத்துடு.”

“தள்ளு. கட்டுறதுக்கு மட்டும் நீ, அவுக்குறதுக்கு நானா?”

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு முடிச்சை அவிழ்ப்பது தெரிந்தது. எஞ்சினை ஓட்டினார்கள். வேகம் ஏறும் சத்தம் போனிலேயே கேட்டது. புகை வெளுத்துவிட்டது என்று யாரோ மேலிருந்து கத்தினார்கள். விடிவதற்குள் கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் படகுக்காரர் போனை வைத்துவிட்டார்.

அதன்பின் போன் இல்லை. “கம்ப்ளெயின்ட் இல்லேன்னா நல்லதுதானே அக்கா” என்றார் முதலாளி. எனக்கு அப்படி விட முடியவில்லை. காற்று, மழை என்று செய்தியில் சொன்னால் வேலையை விட்டுவிட்டுக் கேட்டேன். கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, நானாகவே அவருக்குப் போன் செய்தேன்.

“அண்ணா, பெங்களூர்லருந்து. போட்டு திரும்பிடுச்சா?”

“வந்தாச்சும்மா. மீன் எறக்கிட்டு இருக்கோம். எஞ்சின் அருமையா இழுத்துச்சு.”

“ஆளுங்க எல்லாரும்?”

அவர் சிரித்தார். “எல்லாரும் வந்துட்டோம். பயந்துட்டியா? நானுந்தான் பயந்தேன். போ, போய்ச் சாப்பிடு.”