ஜெயவடிவுக்குப் பதில் இவர்

"பொளேர்" என்று ஒரு சத்தம், அதன் பின்னால் எவர்சில்வர் டம்ளர் ஒன்று தரையில் உருளும் சத்தம், அதன் பின்னால் வயலின். போனில் இந்த மூன்றும் வரிசையாகக் கேட்டால் மரகதம் அறை வாங்கிவிட்டாள் என்று அர்த்தம். எங்கள் எடமலைப்பட்டி புதூரில் அப்போதெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு கரண்ட் போனால் எட்டுக்குத்தான் வரும். ஸ்ரீரங்கத்தில் மட்டும் போகாது, அது முதலமைச்சர் தொகுதி, அதற்குள் இப்போது போக வேண்டாம். ஏழு மணிக்கு அம்மா ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அத்தைக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள், அத்தை லேண்ட்லைனிலிருந்து திருப்பிக் கூப்பிட்டு ரிசீவரை டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வாள், நானும் அம்மாவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு முகமே தெரியாத ஒரு சீரியலை அரை மணி நேரம் காதால் பார்ப்போம். ஹீரோயின் அறை வாங்கினால் "அம்மா" என்று நீளமாக ஒரு குரல் வரும். மரகதம் வாங்கினால் குரலே வராது.

குரல் வராத அந்த நடிகையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு ரசிகையின் பாராட்டு என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்தவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: பாராட்டு உண்டு, ஆனால் நான் எழுத உட்கார்ந்தது பழிவாங்க. சீரியலின் பெயரைச் சொல்ல மாட்டேன், அதற்கு ஓசி விளம்பரம் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் அம்மா என்னை அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அடையவளைஞ்சான் வீதியில் இரண்டு அறை கொண்ட ஒரு போர்ஷன். அத்தை, மாமா, என்னைவிட ஒரு வயது பெரியவளான அவர்கள் மகள் வித்யா. அங்கேதான் நான் மரகதத்தை முதன்முதலாகத் தொடர்ந்து கண்ணால் பார்த்தேன். பெரிய பங்களா ஒன்றில் சமையல் செய்பவள் மரகதம். மாமியார்க்காரி எந்தச் சதி செய்தாலும் அது இவளுக்குத் தெரிந்துவிடும், தெரிந்ததற்காக அறை விழும். எல்லா சீரியலிலும் அறை வாங்கியவர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்: கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்து மூன்று தடவை திரும்புவார்கள். மரகதம் குனிந்து டம்ளரை எடுப்பாள். உள்ளே காபி மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பாள். சிந்தியதைக் காலாலேயே துணியை நகர்த்தித் துடைத்துவிட்டு, வாசற்படி தாண்டும்போது மட்டும் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொள்வாள், ஒரே ஒரு நொடி. அந்த நொடியில் அவள் முதுகு மட்டும்தான் நமக்குத் தெரியும். முதுகால் நடித்த ஆளை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

இப்போது ரிசீவரைப் பிடிக்கும் வேலை என்னுடையது. புதூரில் இருட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு நான்தான் கமெண்டரி.

"இப்ப மரகதம் என்னடி பண்றா?"

"பூண்டு உரிக்கிறாம்மா."

"நெஜமாவே உரிக்கிறாளா?"

"ஆமா. தோல் ஃபேன்ல பறக்குது."

"அதான பாத்தேன். மத்தவளுங்கல்லாம் கத்திய சும்மா டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு நிப்பாளுங்க."

வித்யாவுக்கு இது தாங்காது. அவள் ஹீரோயின் கட்சி. ஹீரோயின் கட்டும் புடவைக்கு என்ன பெயர் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தவள். "வேலைக்காரிக்கு ரசிகர் மன்றம் வெச்ச மொத ஆள் நீதான்டி சரண்யா" என்பாள். "வேலைக்காரி இல்ல, சமையல்காரம்மா" என்பேன். "சரி, உங்க சமையல்காரம்மாவோட நெஜப் பேரு என்ன, சொல்லு பாப்போம்" என்பாள். அங்கேதான் நான் மாட்டிக்கொள்வேன். டைட்டிலில் ஹீரோயின் பெயர் தீப்பொறி பறக்க வரும், மாமியார் பெயர் இடி மின்னலோடு வரும், வீட்டு நாய்க்குப் பயிற்சி கொடுத்தவர் பெயர்கூட வரும், அதற்கப்புறம் "மற்றும் பலர்" என்று வரும். என் ஆள் அந்தப் "பலரில்" ஒருவர்.

அவர் பெயரை நான் ஒரு திங்கட்கிழமைதான் தெரிந்துகொண்டேன். சீரியல் ஆரம்பிக்கும் முன் திரை நீலமாகி நின்றது, பாஸ்போர்ட் சைஸில் இரண்டு படங்கள், நடுவில் எழுத்து: "மரகதமாக நடித்த ஜெயவடிவுக்குப் பதில் இனி இவர்." ஐந்து நொடி இருந்திருக்கும். எத்தனையோ மாதம் அந்த அடுப்படியில் நின்றவரின் பெயரை அவர்கள் திரையில் போட்டது அவரை அனுப்பிய அன்றைக்கு, அதுவும் நான்காம் வேற்றுமை உருபோடு.

புதிதாக வந்தவள் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு, கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, கத்தியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெங்காயத்தைக் கொஞ்சினாள். செவ்வாய்க்கிழமை அறை விழுந்தது. கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு மூன்று தடவை திரும்பினாள். புதன்கிழமை அத்தை அவளை "மரகதம்" என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். வெறும் இரண்டு நாள். நான் கத்தியபோது, "யாரா இருந்தா என்னடி, கதை ஓடுதுல்ல" என்றாள். போனில் அம்மா, "மரகதம் கொரலு ஒரு மாதிரியா இருக்கே, சளி புடிச்சிருக்கும்" என்றாள். வித்யா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அதுதான் எரிந்தது.

பதினோரு வயதில் எனக்கு இருந்த நியாயம் ரொம்ப சிம்பிள். ஜெயவடிவு மரகதமாக இருக்க முடியாது என்றால் யாருமே மரகதமாக இருக்கக்கூடாது. அந்தக் கேரக்டர் சாக வேண்டும்.

பத்திரிகைப் போட்டிகளுக்கு விடை எழுதிப் போடுவதற்காக மாமா ஒரு கட்டு தபால் கார்டு வாங்கி வைத்திருந்தார். சீரியல் கம்பெனிக்கு எழுதிப் போட அதிலிருந்து ஒன்பது கார்டுகளை உருவினேன். சின்னப் பிள்ளை எழுதினால் மதிக்க மாட்டார்கள் என்பதால் ஒன்பதையும் ஒன்பது பெரிய மனுஷர்கள் எழுதியதுபோல, மூன்று கலர் பேனாவில், சாய்த்தும் நிமிர்த்தியும் எழுதினேன். பெயர்களுக்குத் தெருவில் நடந்து வாசல் பலகைகளைப் பார்த்துக்கொண்டேன். ஒருவர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், ஒருவர் ரயில்வே. அடுத்த வீட்டு ரங்கநாயகி மாமி பேரிலும் ஒன்று. மாமி பேசுவது போலவே இருக்க வேண்டும் என்று மெனக்கெட்டு, "ஸ்ரீமதே ராமாநுஜாய நம:" என்று மேலே போட்டு, "புதிதாக வந்திருக்கும் மரகதத்தை எம்பெருமான் திருவருளால் சீக்கிரமே லாரியில் அடித்துக் கொன்றுவிடும்படி அடியேன் பிரார்த்திக்கிறேன்" என்று எழுதியிருந்தேன். வித்யா அதைப் பிடுங்கிப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருண்டாள்.

"அடியேன்னு சொல்லிட்டு யாராவது ஆளப் போடச் சொல்வாங்களாடி?"

"மாமி அப்படித்தான பேசுவாங்க."

"மாமி கொசுவையே வெளிய போன்னு வெரட்டுவாங்கடி, அடிக்க மாட்டாங்க."

ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை. சந்தேகம் வரக்கூடாது என்று தெருமுனைப் பெட்டியில் இரண்டிரண்டாகப் போட்டோம். மிச்சத்தை மாமா எங்களைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குத் துணி எடுக்கக் கூட்டிக்கொண்டு போனபோது அங்கே போட்டோம்.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது மரகதம் தயிர் வாங்கப் போன வழியில் லாரி அடித்துச் செத்தாள். சத்தியமாக லாரிதான். அடுப்பு மேடைக்கு மேல் புது ஆளின் படத்துக்கு மாலை போட்டார்கள், ஹீரோயின் ஒரு வாரம் அழுதாள், அத்தையும் கூடவே அழுதாள். நான் மாமாவை நச்சரித்துத் திருவானைக்காவலுக்குக் கூட்டிப்போய் ஒரு நெய் தோசை வாங்கித் தின்றேன். "என்னடி விசேஷம்?" என்றார். "ஒண்ணுமில்ல மாமா, லீவு முடியுதுல்ல" என்றேன். அந்தத் தோசையைப் போல ருசியாக அதற்கப்புறம் எதையும் தின்றதில்லை.

பிறகு வளர்ந்தேன், காலேஜ் போனேன், ஹாஸ்டல் டிவியில் அவரைத் தேடுவதே ஒரு வியாதியாகிவிட்டது. ஹீரோ ரேஷன் கடையில் பறந்து பறந்து அடிக்கும் சண்டையில் பின்னால் ஒருவர் சிந்திய அரிசியை முந்தானையில் அள்ளிக்கொண்டிருப்பார், அது ஜெயவடிவு. ஆஸ்பத்திரி சீனில் "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று ஒரே வரி பேசும் நர்ஸ், பேசும்போதே கட்டிலில் கிடப்பவரின் விரலில் மாட்டியிருந்த நூலை எடுத்துவிடுவார், அது ஜெயவடிவு. அந்த நூலை எடுக்கச் சொல்லி எந்த டைரக்டரும் சொல்லியிருக்க மாட்டார். இரண்டு நிமிடம், ஒன்றரை நிமிடம், சில சமயம் முதுகு மட்டும். விருது விழாக்களில் கண்ணாடி உருண்டையைத் தூக்கிக்கொண்டு அழுத நடிகைகளை எல்லாம் பார்த்து நான் பல்லைக் கடித்ததில் கடைவாய்ப் பல் தேய்ந்திருக்கும். இவருக்கு ஏன் யாரும் பெரிய வேஷம் தருவதில்லை என்று கமெண்டுகளில் ஊரையே திட்டியிருக்கிறேன். கேஸ்டிங் செய்பவன், தயாரிப்பாளர், ஹீரோயினின் அம்மா, ஒருவரையும் விட்டதில்லை.

போன மாதம் ஒரு சின்ன யூடியூப் சேனலில் அவர் பேட்டி வந்தது. வீட்டு வராந்தாவில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார், தலை முழுக்க நரை. பேட்டி எடுத்த பையன் முதல் கேள்வியிலேயே அவர் பெயரை "ஜெயவள்ளி" என்றான். அந்தச் சமையல்கார வேஷத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், நூறு தடவை கேட்டுவிட்டேன்:

"கால் ஒடைஞ்சு போச்சு தம்பி. ரெண்டு மாசம் கட்டு. அதுவரைக்கும் இன்னொருத்தங்கள வெச்சு ஓட்டுறோம், நீங்க வந்துடுங்கன்னுதான் சொல்லி அனுப்புனாங்க. கட்டுப் பிரிக்கிறதுக்குள்ள கேரக்டரையே முடிச்சிட்டாங்க. ஜனங்களே கார்டு போட்டு முடிக்கச் சொல்லிட்டாங்கம்மா, நாங்க என்ன பண்றதுன்னாரு மேனேஜர்."

பையன் "ஓ, சூப்பர்" என்றான். அடுத்த கேள்வி ஹீரோயினோடு பழகிய அனுபவம்.

நான் போனை அணைத்துவிட்டு அம்மாவிடம் போய் ஒன்பது கார்டு கதையை முதல் தடவையாகச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அந்தம்மாவோட பொழப்புல கை வெச்சிருக்கியேடி."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுதான். அதுக்காக இப்பவும் ஒளிஞ்சுக்குவியா? அந்தம்மாவுக்கே எழுது. அடுத்தவ பேருல எழுதாம ஒன் பேரு, ஒன் ஊரு போட்டு எழுது."

அந்தப் பேட்டிக்குக் கீழே எழுதினேன். அந்தக் கார்டுகளில் ஒன்பது நான் போட்டவை, எல்லாம் பொய்ப் பெயர்கள், உங்கள் இடத்தில் வேறு யாரும் நிற்கக்கூடாது என்றுதான் போட்டேன், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, மன்னித்துவிடுங்கள். சரண்யா, எடமலைப்பட்டி புதூர், திருச்சி. எழுதிவிட்டு நான்கு நாள் போனைத் திறந்து திறந்து பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது.

"ஒம்போதுதானாம்மா? மூட்டை மூட்டையா வந்துச்சுன்னு எங்கிட்ட சொன்னாங்க. ஜனங்களுக்கே என்னைப் பிடிக்கலன்னு நெனச்சிட்டேன். அதுக்கப்புறம் நானா போய் யார்கிட்டயும் வேஷம் கேட்டதில்ல. கூப்பிட்டா மட்டும் போவேன். நல்லா இரும்மா."

ஒரு பதினோரு வயசுக் கழுதை எழுதிய ஒன்பது கார்டை மூட்டை என்று சொல்லி, அந்தப் பொய்யை வைத்து ஒரு நடிகையை இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருக்க வைத்திருக்கிறார்கள். கால் ஒடிந்தவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற விருப்பமில்லை, அவ்வளவுதான். பழியைப் போட ஆள் தேவைப்பட்டது, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பி வைத்தேன். அந்த மேனேஜர் இப்போது தயாரிப்பாளர். அதே ஏழு மணிக்கு அவருடைய சீரியல் ஓடுகிறது. பழைய சீரியலை யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள், லாரி அடிக்கிற எபிசோடு வரை இருக்கிறது, ஆனால் ஜெயவடிவு நடித்த முதல் பகுதிகள் ஒன்றுகூட இல்லை. டேப் அழிந்துவிட்டதாம்.

போன சனிக்கிழமை ஸ்ரீரங்கம் போயிருந்தேன். அத்தை வீட்டில் லேண்ட்லைன் இல்லை, ஸ்டூல் இருந்த இடத்தில் வாஷிங் மெஷின் நிற்கிறது, தெருமுனையில் தபால்பெட்டியைப் பெயர்த்த இடத்தில் ஒரு பேனர் கம்பம் நட்டிருக்கிறார்கள். விசாரித்துக்கொண்டு தபால் ஆபீசுக்கே போனேன். கார்டு வேண்டும் என்றதும் கவுண்டரில் இருந்த பெண்மணி கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கார்டா? இப்ப யாரும்மா கார்டு போடுறா?"

"ஒரு நடிகைக்கு வேஷம் கேக்கணுங்க. அவங்க கேக்க மாட்டாங்க."

அவர் மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்து துழாவி ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து மேலே வைத்தார்.

"எத்தனைம்மா வேணும்?"

"எத்தனை இருக்குங்க?" என்றேன்.